சுவிட்சர்லாந்து மலை ரயில்: கிளேசியர் எக்ஸ்பிரஸா, பெர்னினாவா?

ஜன்னலோரம்:

வணக்கம். ஜூன் கடைசியில் அப்பா அம்மாவோடு சுவிட்சர்லாந்து போகிறோம், தங்கல் சூரிச்சில். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டயர் ஆனவர், பாலம் வந்தால் சீட்டை விட்டு எழுந்துவிடுவார், அவருக்காகவே ஒரு மலை ரயில் போகலாம் என்று திட்டம். ஏஜென்ட் கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்கிறார், ஆபீஸ் நண்பர் பெர்னினா எக்ஸ்பிரஸ் என்கிறார். கூரை வரை கண்ணாடி வைத்த பெட்டி, படங்கள் எல்லாம் பிரமாதம், ஆனால் சுவிஸ் ரயில் பாஸ் இருந்தாலும் ரிசர்வேஷனுக்குத் தனியாகக் கேட்கிற காசைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. அம்மாவுக்கு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும், சைவம் வேறு. இரண்டில் ஒன்றுதான் முடியும். எதில் போகலாம்?

சூரிச்வாசி:

பெர்னினா, சந்தேகமே வேண்டாம். ஆனால் 'எக்ஸ்பிரஸ்' வேண்டாம், அதே தண்டவாளத்தில் ஓடுகிற சாதாரண ரயிலில் போங்கள்.

கிளேசியர் எக்ஸ்பிரஸ் செர்மாட்டில் இருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை எட்டு மணி நேரம். உலகத்திலேயே மெதுவான எக்ஸ்பிரஸ் என்று அவர்களே பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். அம்மா முட்டிக்கு அது ஒத்துவராது. அதோடு, 1930இல் அந்த ரயிலை விட்டபோது அது ஃபுர்கா கணவாய் மேலேயே ஏறிப்போய் ரோன் பனியாற்றைக் காட்டியது. 1982இல் 15 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கம் வந்த பிறகு அந்த இடத்தை இருட்டில்தான் கடக்கிறார்கள். பனியாறு பார்க்கத்தான் ஆசை என்றால் அது பெர்னினா வழியில் இருக்கிறது: மொர்டராட்ச் தாண்டி ரயில் ஒரு பெரிய வளைவு எடுக்கும்போது ஜன்னல் முழுக்க அதுதான்.

சாதாரண ரயில் ஏன் என்றால், பாஸ் இருந்தால் அதற்கு மேல் ஒரு காசு தர வேண்டாம், ரிசர்வேஷனும் கிடையாது, நினைத்த இடத்தில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறலாம். பழைய பெட்டிகளில் ஜன்னலைக் கீழே இறக்கவும் முடியும், அந்த மாதிரி பெட்டியாகப் பார்த்து ஏறுங்கள். பனோரமா பெட்டியில் ஜன்னல் திறக்காது, எடுக்கிற போட்டோவில் பாதி எதிர் சீட்டுக்காரரின் முகம் விழும்.

செயின்ட் மோரிட்ஸில் இருந்து தெற்கே, பெர்னினா லைன் முடிகிற டிரானோவுக்குப் போகும்போது வலது பக்கம் உட்காருங்கள். 2253 மீட்டரில் ஓஸ்பிட்சியோ பெர்னினா ஸ்டேஷன், பக்கத்திலேயே லாகோ பியாங்கோ ஏரி, பனியாறு பாறையை அரைத்த மாவு கரைந்து மோரில் நீலம் கலந்த மாதிரி ஒரு நிறம். அதை ஒட்டியே இன்னொரு சின்ன ஏரி உண்டு. அதன் தண்ணீர் டான்யூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது, லாகோ பியாங்கோவின் தண்ணீர் இத்தாலியின் 'போ' ஆற்றில் சேர்ந்து ஏட்ரியாடிக் கடலுக்குப் போகிறது. நடுவில் இருப்பது ஒரு மேடு, அவ்வளவுதான்.

அப்புறம் ஆல்ப் க்ரூமில் இறங்கிவிடுங்கள். கார் ரோடே இல்லாத ஸ்டேஷன், ரயிலில் வரலாம் அல்லது நடந்து வரலாம். எதிரே பாலூ பனியாறு, கீழே பாதாளத்தில் போஸ்கியாவோ பள்ளத்தாக்கு. ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த ரயில். அம்மாவுக்குக் காலை நீட்டினது போலவும் ஆகும்.

குன்னூர்க்காரன்:

பொன்மலை என்றதும் உள்ளே வந்துவிட்டேன். ஊட்டி ரயிலுக்கு இந்த நூற்றாண்டில் புது நீராவி இன்ஜின் செய்தது அப்பாவின் ஒர்க்‌ஷாப்தான், ஆனால் பழைய எக்ஸ் கிளாஸ் இன்ஜின்கள் வந்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் இருந்து. சூரிச்சில் இருந்து அந்த ஊர் அரை மணி நேரம்கூட இல்லை.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: கல்லாறுக்கு மேலே நம் ரயில் 12 அடிக்கு 1 அடி ஏறுகிறது, அதற்கு நடுவில், இன்ஜினின் பல் சக்கரம் கடித்து ஏறுகிற பல் தண்டவாளம் வேண்டியிருக்கிறது. பெர்னினாவில் 1000 மீட்டருக்கு 70 மீட்டர், கிட்டத்தட்ட 14க்கு 1, பல்லே கிடையாது, வெறும் சக்கரப் பிடியில் ஏறி இறங்குகிறது. 1910இல் வேலை முடிந்த லைன், அதுவும் கரண்டில். கீழே ப்ரூசியோவில் சரிவைச் சமாளிக்க ஒன்பது வளைவு வைத்த ஒரு வட்டப் பாலம் கட்டியிருக்கிறார்கள். ரயில் ஒரு முழு சுற்று சுற்றித் தன் பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து போகும். அப்பா அங்கே உட்கார மாட்டார், எழுதித் தருகிறேன்.

ஆனால் நம்ம ஊர் மாதிரி பல் தண்டவாளம்தான் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் கிளேசியர் வழிதான். ஊட்டி லைனில் இருக்கிற அதே ஆப்ட் பல் தண்டவாள முறை. அதற்கும் எக்ஸ்பிரஸ் டிக்கெட் தேவையில்லை, ஆண்டர்மாட்டில் இருந்து ஓபரால்ப் கணவாய் ஏறி டிசென்டிஸ் போகிற லோக்கலிலேயே பார்க்கலாம். பழைய ஃபுர்கா பாதையில் கோடையில் நீராவி ரயில் விடுகிறார்கள், அந்த இன்ஜின்களில் சிலவற்றை 1990இல் வியட்நாமின் டாலாட் லைனில் இருந்து மீட்டுக் கொண்டுவந்தார்கள். அவையும் விண்டர்தூர் பிள்ளைகள்தான்.

மழைமேகம்:

மேலே இரண்டு பேரும் ரயில் பைத்தியங்கள், அதனால் இதையும் கேளுங்கள். வயதானவர்களோடு போகும்போது லோக்கலில் ஏறி, சாமான் தூக்கி, செயின்ட் மோரிட்ஸில் வண்டி மாறி, வலது பக்க சீட்டுக்கு ஓடுவது என்பது சொல்வதற்குத்தான் சுலபம். என் மாமனார் மாமியாரோடு கிளேசியரில் போனோம். உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாடு, தண்ணீர், பக்கத்தில் டாய்லெட், யாரும் யாரையும் தேட வேண்டியதில்லை. நேரம் போனதே தெரியவில்லை, மாமியார் நடுவில் நன்றாகத் தூங்கினார்! லேண்ட்வாசர் பாலம் இரண்டு ரயிலுக்கும் பொது, 65 மீட்டர் உயரத்தில் வளைந்து போய் நேராகப் பாறைக்குள் நுழைகிறது, அது ஒன்றே போதும் எனக்கு.

ஜன்னலோரம்:

எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், "பல் இல்லாமலா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார், ஆகவே பெர்னினா முடிவாகிவிட்டது. சூரிச்சில் இருந்து போய் ஒரே நாளில் திரும்ப முடியுமா? டிரானோ இத்தாலி என்கிறார்களே, விசா, பாஸ் எல்லாம் செல்லுமா? அம்மாவுக்கு அங்கே என்ன கிடைக்கும்?

சூரிச்வாசி:

விசா பிரச்சினை இல்லை, இரண்டுமே ஷெங்கன். சிங்கிள் என்ட்ரியே போதும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். சுவிஸ் பாஸ் டிரானோ வரைக்கும் செல்லும்.

ஒரே நாளில் போய்வர முடியும், ஆனால் செய்யாதீர்கள். சூரிச்சில் இருந்து கூர் என்ற ஊருக்கு ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து டிரானோ நாலு மணி நேரத்துக்கு மேல், அதே தூரம் திரும்பவும். முந்தின ராத்திரி கூரில் தங்குங்கள், செயின்ட் மோரிட்ஸ் விலைக்கு அது எவ்வளவோ பரவாயில்லை, சாமான் குறைவாக எடுத்துப் போனால் மழைமேகம் சொன்ன கஷ்டமும் பாதி குறையும். ஊருக்குத் திரும்பும் விமானம் மிலானில் இருந்து கிடைத்தால் இன்னும் நல்லது. டிரானோவில் இருந்து மிலானுக்கு கோமோ ஏரிக்கரையை ஒட்டியே இரண்டரை மணி நேர ரயில் இருக்கிறது, ஆனால் அதற்கு சுவிஸ் பாஸ் செல்லாது, தனி டிக்கெட்.

அம்மாவுக்கு டிரானோவில் பிட்சோக்கெரி வாங்கிக் கொடுங்கள். பக்வீட் மாவில் செய்த பட்டையான பாஸ்தா, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வெண்ணெய், பூண்டு, மேலே சீஸ். கறி கிடையாது, ஆனாலும் ஆர்டர் கொடுக்கும்போது ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நெய் மாதிரி வெண்ணெய் மிதக்கும், மூன்று பேருக்கு இரண்டு தட்டு போதும்.