சிவப்புக் குவேசார்கள் ரேடியோவில் மூன்று மடங்கு அதிகம் தெரிகின்றன: இது நிஜமா, தேர்வுப் பிழையா?

கேள்வி (ஜார்ஜ்டவுன், பினாங்கு)
வணக்கம். மாணவர் பயிற்சிக்காக, எஸ்டிஎஸ்எஸ் என்ற ஒளியியல் வான ஆய்வின் குவேசார் (பொருளை விழுங்கும் கருந்துளையால் ஒளிரும் கேலக்சி மையம்) அட்டவணையை, ஃபர்ஸ்ட் என்ற ரேடியோ வான ஆய்வின் 1.4 கிகாஹெர்ட்ஸ் அட்டவணையோடு டாப்கேட் என்ற அட்டவணை மென்பொருளில் பொருத்தினோம். பொருத்தும் ஆரம் 10 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு). ஜி−ஐ நிறத்தில் (பச்சை ஜி, அகச்சிவப்பு ஓர ஐ பட்டைகளின் ஒளியளவு வேறுபாடு) மிகச் சிவந்த 10% மட்டும் மற்றவற்றைப் போல் சுமார் மூன்று மடங்கு ரேடியோவில் தெரிகின்றன. தூசு ரேடியோ அலையைத் தடுக்காது. நாம் தூசு வழியாகப் பார்க்கும் கோணம்தான் சிவப்புக்குக் காரணம் என்றால் விகிதம் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

பதில் 1 (கோலாலம்பூர்)
2019-இல் கிளிண்ட் குழுவும் இதே தரவில் ஏறக்குறைய மூன்று மடங்கு கண்டது. ஆனாலும் உங்கள் எண்ணை இப்போதே நம்ப வேண்டாம். எஸ்டிஎஸ்எஸ் சில குவேசார்களை, ஃபர்ஸ்டில் தெரிகின்றன என்பதற்காகவே நிறமாலை எடுக்கத் தேர்ந்தது. தூசால் சிவந்தவை நிற வடிகட்டியில் கழிந்து, ரேடியோ வழியாக மட்டும் உள்ளே வந்திருக்கும். நிறத்தால் மட்டும் தேர்ந்தவற்றை வைத்துத் திரும்ப எண்ணுங்கள்.

செம்பெயர்ச்சியை (பிரபஞ்ச விரிவால் ஒளியின் அலைநீளம் கூடும் அளவு) 0.2 முதல் 2.4 வரை நிறுத்துங்கள். அதற்குக் கீழே கேலக்சியின் சொந்த வெளிச்சமே நிறத்தைச் சிவப்பாக்கும். மேலே, இடையிலுள்ள ஹைட்ரஜனின் லைமன் ஆல்ஃபா உறிஞ்சல் ஜி பட்டைக்குள் வந்துவிடும். செம்பெயர்ச்சி மாறி உமிழ்கோடுகள் பட்டைகளைக் கடக்கும்போது நிறம் ஏறி இறங்கும். அதனால் செம்பெயர்ச்சி வரிசையில் 1000 குவேசார்களாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் சிவந்த 10%-ஐ எடுங்கள்.

பலர் தவறவிடுவது ஒளிர்வுச் சமன். தூசு மங்கவைத்த பிறகும் பட்டியலில் நிற்கும் சிவப்புக் குவேசார் இயல்பில் பிரகாசமானது. ஐ ஒளியளவை நம்பாமல், வைஸ் என்ற அகச்சிவப்பு விண்தொலைநோக்கியின் தரவிலிருந்து 6 மைக்ரோமீட்டர் ஒளிர்வைக் கணக்கிட்டு, அதில் சிவந்தவை, மற்றவை என்ற இரு கூட்டங்களையும் சமப்படுத்துங்கள்.

10 ஆர்க்செகண்ட் சரிதான். சதுர பாகைக்குச் சுமார் 90 ஃபர்ஸ்ட் மூலங்கள் என்றால் தற்செயல் பொருத்தம் 0.2% தான். 30-க்குப் போனால் 2% ஆகிவிடும்.

பதில் 2 (பெட்டாலிங் ஜெயா)
சிங்க்ரோட்ரான் ஒளியே (காந்தப்புலத்தில் சுழலும் வேக எலக்ட்ரான்கள் வெளியிடுவது) நிறத்தைச் சிவப்பாக்கலாம் என்ற ஐயத்தையும் தீர்க்க வேண்டும். தூசு என்றால் நிறமாலையின் நீல முனை வளைந்து சரியும். சிங்க்ரோட்ரான் நேர்கோடாகவே கூடும். ஃபர்ஸ்ட் படங்களையும் பாருங்கள். அந்த மூன்று மடங்கு உபரி, ஜெட் (கருந்துளையிலிருந்து பாயும் துகள் தாரை) இருபுறமும் ஊதும் பெரிய இரட்டைக் கதுப்புகளில் இல்லை; 5 ஆர்க்செகண்டுக்குள் அடங்கும் கச்சிதமான, நடுத்தர அல்லது மெல்லிய ரேடியோ மூலங்களில்தான் இருக்கிறது. ஜெட் சிறியதாகவே நிற்கிறதா, குவேசாரிலிருந்து வீசும் காற்று தூசு கலந்த வாயுவில் மோதி அதிர்வலை எழுப்புகிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. கோணம் மட்டும் காரணமில்லை என்பதற்கு இதுவே வலுவான சான்று என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்
நன்றி. ஃபர்ஸ்டில் தெரியாதவற்றை என்ன செய்வது?

பதில் 1
படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஒவ்வொரு குவேசாரையும் மையமாக வைத்து 30 ஆர்க்செகண்ட் சதுரப் படம் வெட்டி, இடைநிலை மதிப்பு எடுங்கள். சராசரி எடுத்தால் ஒரே ஒரு பிரகாசமான அண்டை மூலம் கணக்கைக் கெடுத்துவிடும். ஒரு படத்தில் இரைச்சல் 0.13 மில்லிஜான்ஸ்கி (ரேடியோ பிரகாச அலகு) என்றால் 1000 படங்களில் 0.004 வரை இறங்கும். ஃபர்ஸ்ட் படங்களில் மங்கலான மூலங்களின் பாயம் (நமக்கு வந்து சேரும் பிரகாசம்) குறைவாகவே தெரியும், 1.4-ஆல் பெருக்க வேண்டும். இதை விட்டால் இரு கூட்டமும் ஒரே அளவு குறையும், ஆனால் ஒளிர்வு எண்கள் தவறாகும்.

வடவானத்தில் லோட்ஸ் என்ற ரேடியோ ஆய்வின் 144 மெகாஹெர்ட்ஸ் தரவு இருக்குமிடத்தில் நிறமாலைச் சரிவையும் (அதிர்வெண்ணோடு பிரகாசம் மாறும் வேகம்) பாருங்கள். சரிவு −0.7 என்றால், ஃபர்ஸ்டில் 1 மில்லிஜான்ஸ்கி உள்ளது அங்கே ஏறக்குறைய 4.9 காட்டும். அதைவிட நன்றாகக் குறைந்தால் மூலம் கச்சிதமாக இருந்து தன்னையே உறிஞ்சுகிறதா என்று தேடுங்கள்.