கிடை போட்டால் மண்ணில் சத்து கூடுகிறதா, இடம் மாறுகிறதா?

தாவரவியல் வாத்தியார்
போன வாரம் மன்னார்குடிப் பக்கம் ஒரு விவசாயி நண்பரோடு பேசிக்கொண்டிருந்தேன். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டால், அதாவது ராத்திரியில் ஆடுகளை வயலிலேயே அடைத்து வைத்தால், மண்ணில் சத்து உண்டாகிறது என்றார். எனக்கு ஒப்பவில்லை. ஆடு எதையும் உண்டாக்குவதில்லை. புல் பிடித்து வைத்த சூரிய ஆற்றலை மூச்சிலும் உடற்சூட்டிலும் செலவழிக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு சிறு ஏரியை வருஷக்கணக்கில் ஆராய்ந்து ரேமண்ட் லிண்டமன் 1942இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் நம் பாடப்புத்தகத்துப் 'பத்து சதவீத விதி' வந்தது. உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும் என்றால், தாளையும் புல்லையும் நேராக மடக்கி உழுவதுதானே லாபம்? நடுவில் ஆடு எதற்கு?

வரப்புமேடு
சார், அந்த நண்பர் நான்தான். எனக்கு இரண்டு ஏக்கர். ஐந்நூறு ஆடு, நாலு ராத்திரி. சாயங்காலம் கீதாரி (மந்தையை நடத்தும் தலைமை மேய்ப்பர்) வந்து வலையை வளைத்துக் கட்டுவார். குட்டிகளைத் தனியே கூட்டில் அடைப்பார்கள். விடியற்காலை உள்ளே போய் நின்றால் மூத்திர நெடியில் கண் எரியும். புழுக்கை மிளகை வாரி இறைத்த மாதிரி கிடக்கும். மறுநாள் வலையைத் தள்ளிக் கட்டுவார்கள், வயலில் ஒரு மூலை பாக்கி இருக்காது. அந்த வருஷம் நட்ட இருபதாம் நாளே பயிர் கருகருவென்று நிற்கும். யூரியா ஒரு தடவை குறைத்துத்தான் போடுகிறேன்.

நீங்கள் சொன்னபடி தாளை மடக்கி உழுதும் பார்த்தாயிற்று. முதல் மாதம் முழுக்கப் பயிர் மஞ்சளடித்து நின்றது. பத்து சதவீத விதி அதற்கு என்ன சொல்கிறது?

மண்ணும் மணிச்சத்தும்
இரண்டு பேரும் இரண்டு கணக்கை ஒரே நோட்டில் எழுதுகிறீர்கள். ஆற்றல் ஒருவழியாகப் போவது. வெயிலில் வந்து, கடைசியில் வெப்பமாகக் கிளம்பிவிடும், திரும்ப வராது. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) அப்படி எரிந்து போகிற பொருள்கள் இல்லை. ஆடு தின்ற தழைச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் புழுக்கையிலும் மூத்திரத்திலும் வெளியே வந்துவிடும். மணிச்சத்து பெரும்பாலும் புழுக்கையில், சாம்பல்சத்து பெரும்பாலும் மூத்திரத்தில். ஆகவே, பத்து சதவீத விதியை எருவுக்குப் போட்டுப் பார்ப்பது தப்பு. அந்த விதியும் ஒரு சுமாரான சராசரிதான். லிண்டமனின் ஏரியிலேயே தாவர உண்ணிகளுக்கு 13.3 சதவீதம், அவற்றைத் தின்பவற்றுக்கு 22.3 சதவீதம் என்று வந்தது.

மஞ்சளடித்த கதைக்கு வருகிறேன். வைக்கோலில் கரி (கார்பன்) மிக அதிகம், தழைச்சத்து சொற்பம். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பைக் கட்ட மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும். ஆட்டின் முதல் இரைப்பைக்குள் அந்த வேலையில் பாதி முடிந்துவிடுகிறது. மிச்சக் கரி மூச்சாகவும் ஏப்பமாகவும் போய்விடுவதால், வெளியே வருவது பயிர் உடனே எடுக்கக்கூடிய எரு. 'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்ற பழமொழியை, அனுபவத்தில் அளந்து சொன்ன வேதியியல் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தாவரவியல் வாத்தியார்
சரி, ஆற்றல் விதியை எருவுக்குப் பொருத்தியது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 'ஏப்பம்' என்ற சொல்லை இவ்வளவு லேசாகத் தாண்டிப் போகாதீர்கள். அதில் இருப்பது மீத்தேன். காற்றில் அது சுமார் 12 வருஷம் நிற்கும். நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடேற்றும். அப்புறம், வரப்புமேடு சொன்ன அந்தக் கண் எரிச்சல்! அது அம்மோனியா. உங்கள் வயலுக்குச் சேர வேண்டிய தழைச்சத்து உங்கள் கண் முன்னாலேயே காற்றில் போகிறது. இதையும் சேர்த்துத்தானே கணக்குப் பார்க்க வேண்டும்?

கண்மாய்க்கரை
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிடை ஆடுதான். சிவகங்கைப் பக்கத்திலிருந்து தஞ்சாவூர்ச் சீமைக்கு நடந்தே போய், மழைக்காலத்துக்கு முன்னால் திரும்புவோம். மீத்தேன் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புல்லை மனுஷன் தின்ன முடியாது. வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் புறம்போக்கிலும் முளைத்ததை ஆடு மேய்ந்து கறியாக்குகிறது. பத்து சதவீதமோ ஐந்து சதவீதமோ, மனுஷன் வயிற்றுக்குப் புல்லிலிருந்து கிடைப்பது சைபர். அதோடு ஒப்பிடுங்கள்.

'கூடுகிறதா, இடம் மாறுகிறதா' என்ற கேள்விக்கும் எங்களுக்குப் பதில் தெரியும். பகலில் கரையில் மேய்கிறது, ராத்திரி வயலில் போடுகிறது. கரையின் சத்துதான் வயலுக்கு வருகிறது. அதனால் ஒரே கரையில் நாள்கணக்கில் மேய்க்க மாட்டோம். இப்போது கரையெல்லாம் சுருங்கிவிட்டது, அதுதான் எங்கள் கவலை.

மண்ணும் மணிச்சத்தும்
கண்மாய்க்கரை சொன்னது இந்தத் திரியிலேயே முக்கியமான விஷயம். கிடை சத்தை உண்டாக்குவதில்லை. சிதறிக் கிடப்பதைப் பொறுக்கி ஒரு இடத்தில் சேர்க்கிறது. அந்த மட்டில் வாத்தியார் சொன்னது சரி.

ஆனால் பெரிய ஓட்டை எங்கே என்று பாருங்கள். ஒரு டன் நெல் விளைய, தாளும் மணியுமாகப் பயிர் எடுப்பது ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்து, 2 முதல் 3 கிலோ பாஸ்பரஸ். பாஸ்பரஸில் பெரும்பங்கு மணியோடு மூட்டையேறி ஊருக்குப் போகிறது, அங்கிருந்து சாக்கடைக்கு. வயலுக்குத் திரும்புவதே இல்லை. தழைச்சத்தையாவது பயறு வகைகளின் வேர்முடிச்சும் நீலப்பச்சைப் பாசியும் காற்றிலிருந்து பிடித்துத் தரும். பாஸ்பரஸுக்குக் காற்றில் இருப்பு கிடையாது. பாறை கரைந்து வந்தால்தான் உண்டு. முன்பு காவிரி வண்டல் கொஞ்சம் கொண்டுவந்தது. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. இப்போது டிஏபி என்ற பாஸ்பரஸ் உர மூட்டையில் வருவது மொராக்கோ, ஜோர்டான் பக்கத்துப் பாறை. ஒரு காலத்தில் கடலடியில் படிந்தது. நெல்லாகி, சோறாகி, மறுபடி கடலுக்குப் போகிறது.

இதோடு இப்போது வைக்கோலையும் இயந்திரத்தில் கட்டுக்கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். நெற்பயிரின் சாம்பல்சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. ஆட்டின் ஏப்பத்தைக் கணக்குப் பார்ப்பவர்கள் அந்த லாரியையும் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

வரப்புமேடு
வைக்கோல் விற்றவர்களில் நானும் ஒருவன். கையில் காசு தேவைப்பட்டது. சாம்பல்சத்து போகிறது என்று யாரும் சொன்னதில்லை.

வாத்தியார் சொன்ன அம்மோனியாவுக்கு வழி இருக்கிறதா? கிடை பெயர்ந்த அன்றைக்கே உழுதால் நிற்குமா?

மண்ணும் மணிச்சத்தும்
பெருமளவு நிற்கும். மூத்திரம் மண்ணுக்குள் போய்விட்டால் அம்மோனியா களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் காயவிட்டால்தான் நஷ்டம்.

தாவரவியல் வாத்தியார்
அப்படியானால் இந்தப் பங்குனியில் செய்து பார்க்கலாமே. ஒரு மா (ஏக்கரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு) நிலத்தைக் கிடை போடாமல் விடுங்கள். இன்னொரு மாவில் கிடை பெயர்ந்ததும் உழுங்கள், மூன்றாவதைக் காயவிடுங்கள். மூன்றிலும் முன்னும் பின்னும் மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுப்போம். என் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வருகிறேன். என் எண்ணம் தப்பென்று வந்தால் இதே திரியில் எழுதுகிறேன்.

வரப்புமேடு
வாருங்கள் சார், ஒரு மா விடுகிறேன். ஒன்று மட்டும் யோசிக்க வேண்டும். எங்களுடையது களிமண். பங்குனி வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், கை நுழையும் அளவுக்கு. கலப்பை இறங்காது. அன்றைக்கே உழ வேண்டுமானால் கோடைமழை ஒன்று விழுந்து ஈரம் பதமாக இருக்க வேண்டும்.

கண்மாய்க்கரை
மழை விழுந்த நிலத்தில் ஆட்டை அடைத்தால் குளம்பு அழுகும், எந்தக் கீதாரியும் ஒத்துக்கொள்ள மாட்டார். மழைக்கு இரண்டு நாள் கழித்து, மேல் மண் காய்ந்து உள்ளே ஈரம் இருக்கும்போது வந்து அடைக்கச் சொல்கிறேன். எங்கள் ஆள் உங்கள் ஊர்ப் பக்கம்தான் இருப்பார். மழை பெய்தால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள்.