மழையில் மல்லி மொட்டு கருகுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் தோட்ட நண்பர்களே. சென்னை தண்டையார்பேட்டையில் மொட்டை மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். சித்திரையில் பச்சை வலை கட்டுவதும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுவதும்தான் வழக்கமான வேலை. இந்த முறை விட்டு விட்டு மழை, இடையில் சுள்ளென்று வெயில், ராத்திரி முழுக்கப் புழுக்கம். செடிக்கே வேர்க்கும் போல.

முக்கியக் கவலை மல்லிதான். சீசனே இப்போதுதான், ஆனால் மொட்டுகள் ஊதா நிறமாகி, அடியில் உப்பி, விரியாமலே காய்ந்து உதிர்கின்றன. ஓட்டையோ நூலாம்படையோ இல்லை. அதனால் மொட்டுப்புழு இல்லை, மொட்டு ஈ என்று நினைக்கிறேன். அதன் புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழு ஆகுமாம். அப்படியானால் மேல்மண்ணைக் கிளறி வேப்பம்புண்ணாக்கு போட்டால் போதுமா? லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடிக்கிறேன். அடித்த ராத்திரியே மழை வந்து கழுவிவிடுகிறது. மறுநாளே திரும்ப அடிக்கலாமா?

அப்புறம் கத்தரி. பையில் தென்னை நார்க்கழிவு அதிகம், மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் விரல் விட்டால் உள்ளே சொதசொத. வேர் அழுகிவிடுமோ என்று பயம். வேரழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்களான சூடோமோனாஸ் (பாக்டீரியா), டிரைக்கோடெர்மா (பூஞ்சை) இரண்டையும் சேர்த்து ஊற்றலாமா, இடைவெளி வேண்டுமா? மாதவரம் பக்கம் நல்லதாகக் கிடைக்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.

ரசாயன மருந்து மட்டும் வேண்டாம். பக்கத்துத் தொட்டிக் கீரையைத்தான் வீட்டில் சமைக்கிறோம்.