சமையல் டிரெய்லரை இழுக்க என் பிக்கப் போதுமா? எடைக் கணக்கில் உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் சிற்றுண்டி விற்பதற்காக ஒரு சமையல் டிரெய்லர் கட்டியிருக்கிறோம். அதை என் டபுள் கேப் பிக்கப்பால் ஓசூர் வரை இழுத்துச் செல்வது பாதுகாப்பானதா என்று கவலையாக இருக்கிறது.

பீன்யாவில் உள்ள எடை மேடையில் தண்ணீர், பாத்திரம், அடுப்பு எல்லாம் ஏற்றி நிறுத்தியபோது டிரெய்லர் மட்டும் 1,840 கிலோ காட்டியது. பிக்கப்பின் ஆர்.சி.யில் வெற்று எடை 1,920, சுமையுடன் மொத்த எடை 2,510 என்று இருப்பதால், அதில் ஏற்றக்கூடியது 590 கிலோதான். நான்கு ஆட்களும் மாவு டப்பாக்களும் சிலிண்டர்களும் 400 கிலோவை எடுத்துக்கொள்ள, மிஞ்சுவது 190. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 184 முதல் 276 கிலோ வரை, இழுவைக் கொக்கியின் மேல் அமர வேண்டும். இழுவைத் திறனை மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்த எனக்கு, கொக்கியின் மேல் விழும் எடையும் பிக்கப்பின் சுமையில் சேரும் என்பது தாமதமாகத்தான் புரிந்தது.

டிரெய்லரை மாட்டியதும் பின்பக்கம் நான்கு விரற்கடை தாழ்ந்து, முன்விளக்கின் ஒளி எதிர்வீட்டு மாடிச் சுவரில் ஏறியது. டிரெய்லரின் சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கும் 300 லிட்டர் தண்ணீர்த் தொட்டியே காரணம் என்று நினைக்கிறேன். அதைப் பின்னுக்கு நகர்த்தலாம். ஆனால் கொக்கியின் மேல் எடை மிகவும் குறைந்துவிட்டால் வேகமாகப் போகும்போது டிரெய்லர் பக்கவாட்டில் ஆடும் என்பதால் தயங்குகிறேன்.

எடை மேடை 20 கிலோ படிகளில்தான் காட்டுகிறது. கொக்கியின் மேல் விழும் எடையைத் துல்லியமாக அளப்பது எப்படி? டிரெய்லருக்குத் தனி பிரேக் பொருத்தித் தரும் நம்பகமான பட்டறை பெங்களூரில் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.