மயிலாப்பூரில் எங்கள் வீடு இருந்த மனையிலேயே பென்ட்ஹவுஸ்: எடுத்துக்கொள்ளலாமா?

மாடவீதி மகள்:
வணக்கம். தெற்கு மாட வீதியிலிருந்து பிரியும் தெருவில் எங்கள் தாத்தா வீடு. இரண்டு கிரவுண்டு மனை, திண்ணை, முற்றம், பின்கட்டில் கிணறு. ஓடு மாற்ற ஆள் கிடைக்காமல் மழைக்கு மழை ஒழுகியதில், அண்ணனும் நானும் ஜாயின்ட் வென்ச்சருக்குச் சம்மதித்துவிட்டோம். கீழே கார் நிறுத்தம், மேலே நான்கு மாடி, மாடிக்கு 2,400 சதுர அடி. பாதி எங்களுக்கு, பாதி பில்டருக்கு. அண்ணன் இரண்டாம் மாடியைக் கேட்டுவிட்டார். எனக்கும் அம்மாவுக்கும் மிச்சம் இருப்பது இரண்டு வழி. முதல் மாடியில் 1,200 சதுர அடியில் இரண்டு ஃப்ளாட், அல்லது நான்காம் மாடி முழுவதும் ஒரே வீடு, அதற்கு மேல் மொட்டைமாடியும் எங்களுக்கே. பில்டர் அதைத்தான் பென்ட்ஹவுஸ் என்கிறார்.

இத்தாலிய மார்பிளுக்கெல்லாம் நான் மயங்கவில்லை. ஆனால் அவர் காட்டிய படத்தில், மொட்டைமாடியில் ஒரு கண்ணாடி அறை, அதற்கு நேரே கபாலீஸ்வரர் கோயில் கோபுரம். இரண்டு நாளாக அதே நினைவு.

அம்மாவுக்கு 79 வயது. பங்குனித் திருவிழாவில் மூன்றாம் நாள் விடியலில் அதிகார நந்தி பார்க்காமல் இருந்ததில்லை. எட்டாம் நாள் அறுபத்துமூவருக்கு வருகிறவர்களுக்கு வாசலில் நீர்மோர் வைப்பாள். அவளை நான்காம் மாடியில் கொண்டுபோய் உட்கார வைக்கலாமா? உங்களில் மேல்மாடியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

தளம் போடுபவன்:
அக்கா, 22 வருஷமா சென்னையில் சைட் பார்க்கிறேன். முதலில் சூட்டைப் பற்றி யோசியுங்கள். பகல் முழுக்க மேல்தளம் குடித்த வெயிலை ராத்திரிதான் வீட்டுக்குள் இறக்கும். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்குக்கூடச் சுவரில் கை வைத்தால் சுடும். ஃபால்ஸ் சீலிங் மட்டும் போதாது. செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்பில் குழைத்துப் போட்டு இடித்து, அதன் மேல் தட்டை ஓடு பதிக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சுண்ணாம்பு வேலைக்கு நாள் பிடிக்கும் என்பதால் தட்டிக் கழிக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.

நல்லதும் உண்டு. கடல் இரண்டு கிலோமீட்டருக்குள். கிழக்கே பெரிய ஜன்னல் வைத்தால் மத்தியானக் காற்று உங்களுக்குத்தான். அதே காற்றில் உப்பும் வரும், மாடிக் கைப்பிடிக்கு இரும்பு வேண்டாம். இன்னொன்று, தண்ணீர்த் தொட்டி உங்கள் தலைக்கு மேலேயே இருந்தால் ஷவரில் வேகம் இருக்காது. தொட்டியை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் பிரஷர் பம்ப்.

எந்த மாடி எடுத்தாலும் கிணற்றை மட்டும் மூட விடாதீர்கள். மாடியில் விழும் மழைநீரை வடிகட்டி அதிலேயே இறக்கலாம்.

பத்திரம் எழுதுபவர்:
"மொட்டைமாடி உங்களுக்கே" என்று வாயால் சொன்னால் செல்லாதம்மா. பொது மொட்டைமாடி என்றால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி அது எல்லோருக்கும் பொது. ஒரு வீட்டுக்கென்றே விடப்பட்ட திறந்த மாடி வேறு. உங்களுடையது எது என்பது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த வரைபடத்திலும், உங்கள் ஒப்பந்தத்திலும், மற்ற மாடிகளை வாங்குகிறவர்களின் கிரயப் பத்திரத்திலும் ஒரே மாதிரி வர வேண்டும். அந்தக் கண்ணாடி அறை வரைபடத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் அது விதிமீறல் கட்டடம், பின்னால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

உங்கள் மனை 4,800 சதுர அடி, அதாவது சுமார் 446 சதுர மீட்டர். 500-ஐத் தாண்டாத மனைக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. ஆகவே வேறு யாரும் உங்களுக்காகச் சரிபார்க்க மாட்டார்கள். மயிலாப்பூரில் கோயில் மனையில் கட்டிய வீடுகள் பல உண்டு. மண் தாத்தா கிரயம் வாங்கியதுதானா என்று தாய்ப்பத்திரத்தைப் பாருங்கள். கோயில் நிலமாக இருந்தால் அறநிலையத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் பதிவே நடக்காது.

மொட்டைமாடிக்கென்று தனியாக யு.டி.எஸ்., அதாவது மனையில் உங்களுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு, கூடுமா என்றும் கேளுங்கள். நாளைக்குக் கட்டடத்தை இடிக்கும்போது கையில் நிற்பது அந்த மண் பங்குதான்.

ஐந்தாம் மாடி மருமகள்:
என் மாமியார் எங்களோடு இருக்கிறார். லிஃப்ட் பழுதான நாளெல்லாம் அவருக்கு வீட்டுச் சிறைதான். ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். அவர் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அம்மாவிடமே கேளுங்களேன்.

மாடவீதி மகள்:
எல்லோருக்கும் நன்றி. தாய்ப்பத்திரம் பார்த்தேன், தாத்தா கிரயம் வாங்கியதுதான். வரைபடத்தில் கண்ணாடி அறை இல்லை. கேட்டதற்கு, "அப்புறம் போட்டுக்கலாம்" என்கிறார் பில்டர்.

அம்மாவிடமும் கேட்டேன். "கோபுரத்தை நான் கீழே நின்னு பார்த்தே பழகிட்டேன். வாசலுக்குப் போக எத்தனை படி, அதைச் சொல்லு" என்றாள். முதல் மாடியே எடுத்துக்கொள்கிறோம், தெருப் பக்கத்து ஃப்ளாட் அம்மாவுக்கு. கிணறு மூடக்கூடாது என்றும் எழுதச் சொல்லிவிட்டேன்.

தளம் போடுபவன் தம்பி, இன்னொரு உதவி. திண்ணையில் இரண்டு தேக்குத் தூண் இருக்கிறது. இடிப்பதற்கு முன்னால் அதை முழுசாகக் கழற்றி, கார் நிறுத்தத்தின் முகப்பில் சின்னத் திண்ணை கட்டி நிறுத்த முடியுமா? எந்த ஆசாரியிடம் காட்ட வேண்டும்?