ஃப்ளின் ஃப்ளான் பாம்பர்ஸ் அணி பற்றிய தகவல்கள் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கனடாவில், மானிடோபா–சஸ்காட்செவன் மாகாணங்களின் எல்லையை ஒட்டிய ஃப்ளின் ஃப்ளான் என்னும் சுரங்க ஊரின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணியைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதி வருகிறேன். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

1927இல் தொடங்கப்பட்ட பாம்பர்ஸ் அணி, 1957இல் ஒட்டாவா கனேடியன்ஸ் அணியை ஏழு ஆட்டங்கள் வரை நீண்ட இறுதித் தொடரில் வென்று, கனடிய ஜூனியர் ஹாக்கியின் உயரிய பரிசான மெமோரியல் கோப்பையைக் கைப்பற்றியது. அதே ஊரில் பிறந்து, நீரிழிவு நோயுடனேயே விளையாடிய பாபி கிளார்க்கை 1969இல் வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இன் பிலடெல்பியா ஃப்ளையர்ஸ் அணி தேர்ந்தெடுத்தது பலருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் என்னை அதிகம் ஈர்ப்பது, செம்பும் துத்தநாகமும் எடுத்த அந்தச் சுரங்கத்தில் வீரர்களுக்கு வேலை கொடுத்து, ஆட்டத்துக்கும் நேரம் ஒதுக்கிய ஏற்பாடுதான். (வெற்றிக் களிப்பில் ரசிகர்கள் மூஸ் மானின் காலைப் பனித்தளத்தில் எறியும் வழக்கத்தையும் விட்டுவிட மனமில்லை.)

1978இல், மேற்குக் கனடாவின் முதன்மை ஜூனியர் ஹாக்கி லீகிலிருந்த அணி எட்மன்டனுக்கு இடம்பெயர்ந்த பின்னரும், பாம்பர்ஸ் என்னும் பெயர் ஊரில் நிலைத்து, 1984இல் சஸ்காட்செவன் ஜூனியர் லீகில் இடம்பெற்றது.

வின்னிபெக் அல்லது ரெஜைனாவில் வசிப்பவர்கள், அங்குள்ள நூலகங்களில் 1957 இறுதித் தொடர் குறித்த நாளிதழ்ச் செய்திகளைப் படமெடுத்து அனுப்ப இயலுமா? பாம்பர்ஸின் சொந்த அரங்கான விட்னி ஃபோரமில் ஆட்டம் பார்த்தவர்கள் எவரேனும் இருப்பின், தங்கள் நினைவுகளை இப்பதிவின் கீழேயே எழுதினால் பேருதவியாக இருக்கும்.