பாப்-அப் கேம்பர்: கூரையின் முன்பக்கம் மட்டும் ஏறவில்லை. கேஸ் ஸ்ட்ரட்டை மாற்றினால் சரியாகுமா?

மழையூர்க்காரன் (டிசம்பர், முதல் வாரம்)

வணக்கம். சியாட்டில் பக்கம் இருக்கிறேன். என் டகோமா பிக்கப்பின் பின்தொட்டியில் உட்காருகிற மாதிரி ஒரு பாப்-அப் கேம்பரை நானே கட்டினேன். வார இறுதிகளில் மட்டும் வேலை, ஆகஸ்டில் முடிந்தது. ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்திவிட்டுத் தூக்கினால் சுற்றிலும் கித்தான் சுவர் விரிந்து, உள்ளே நிமிர்ந்து நின்று தோசை ஊற்றலாம்.

கூரையின் ஓரச்சட்டமும் குறுக்குச்சட்டங்களும் பைன் கட்டை. இடையில் ஒரு அங்குல பிங்க் ஃபோம், மேலும் கீழும் 5 மி.மீ. பிளைவுட். மேல்பக்கம் பருத்தித் துணியை மஞ்சள் மரப்பசையில் நனைத்து ஒட்டி, நாலு கோட்டு வெளிப்புறப் பெயின்ட் அடித்திருக்கிறேன். தூக்குவதற்கு நாலு மூலையிலும் கேஸ் ஸ்ட்ரட். காரின் டிக்கிக் கதவைத் தாங்கிப் பிடிக்குமே, அதே சமாச்சாரம்தான்.

ஆகஸ்டில் ஒரு கையால் தள்ளினாலே கூரை மேலே போய் நிற்கும். அப்போது பெருமையாக 10 பவுண்டு சோனா மசூரி பையை முன்பக்கக் கூரைமேல் வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. அதற்கு மேல் கையால் லேசாக அழுத்தினால்தான் இறங்க ஆரம்பித்தது.

செப்டம்பரில் 100 வாட் சோலார் பேனல் ஒன்றைக் கூரையின் முன்பாதியில் மாட்டினேன். அக்டோபர் வரை பெரிய தொந்தரவு இல்லை. நவம்பர் கடைசியில் ஒலிம்பிக் தீபகற்பத்தில் ஹோ மழைக்காட்டுப் பக்கம் போனபோது முன்பக்கத்தை நானும் மனைவியும் சேர்ந்து முட்டித் தூக்க வேண்டியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு அது மெதுவாக இறங்கி என் நெற்றிக்கு மேல் வந்து நின்றது. ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் தூங்கினோம். பின்பக்கம் இன்றுவரை ஒழுங்காக ஏறுகிறது.

படுக்கைக்கு மேலே, முன் இடது மூலையில் கூரையின் அடிப்பலகையில் பழுப்பாக ஒரு கறையும் இருக்கிறது. அது மூச்சுக்காற்று படிந்த ஈரம் என்று நினைக்கிறேன், தனி விஷயம்.

கேள்வி: முன் ஸ்ட்ரட் இரண்டையும் கூடுதல் வலு உள்ளதாக மாற்றிவிடலாமா? எத்தனை பவுண்டு வாங்க வேண்டும்?

டாலஸ் வெயில்

மாற்றிவிடுங்கள் ப்ரோ. குளிரில் கேஸ் ஸ்ட்ரட் சோர்ந்துபோகும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். இப்போது இருப்பதைவிட 30 பவுண்டு கூட வாங்கி மாட்டுங்கள். இருபது நிமிட வேலை. தண்டு கீழே பார்க்கிற மாதிரி மாட்டினால் உள்ளே இருக்கும் எண்ணெய் ரப்பர் அடைப்பை (சீல்) நனைத்துக்கொண்டே இருக்கும், நீண்ட நாள் உழைக்கும்.

கணக்குப்பிள்ளை

அவசரப்பட்டு எதுவும் வாங்க வேண்டாம் சார். கொடுத்திருக்கிற விவரத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டேன், இடிக்கிறது.

ஸ்ட்ரட்டுக்குள் இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜன். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அதன் வலு கிட்டத்தட்ட 3.4 சதவீதம் குறையும். ஆகஸ்டில் 25 டிகிரி, இப்போது 2 டிகிரி என்று வைத்தால் ஏழெட்டு சதவீதம் போயிருக்கும். குளிர் தின்றது அவ்வளவுதான். அதற்கு இரண்டு பேர் முட்டித் தூக்கும் நிலைமை வராது. பின் ஸ்ட்ரட்டுகளும் அதே குளிரில்தானே இருக்கின்றன?

பேனலின் எடை என்ன? கட்டும்போது கூரையை எடை போட்டீர்களா? அந்த எண் இருந்தால் மட்டும் மேலே பேசலாம்.

பனிமலைப் பயணி

அந்தக் கறையை ‘தனி விஷயம்’ என்று ஒதுக்காதீர்கள். உள்ளே ஹீட்டர் என்ன? சின்ன புரொப்பேன் ஹீட்டர் என்றால் ஒரு கிலோ கேஸ் எரியும்போது சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். அவ்வளவும் குளிர்ந்த பலகையில் போய் ஒட்டும். ஒன்று செய்யுங்கள். ஒரு வாரம் யாரும் உள்ளே படுக்காமல், மூடி வெளியே நிறுத்திவையுங்கள். மழை பெய்த பிறகு தொட்டுப் பாருங்கள். ஆளே இல்லாமல் ஈரம் ஏறியிருந்தால் அது மூச்சுக்காற்று இல்லை, ஒழுகல்.

மழையூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. பேனல் ஏழரை கிலோ. அதில் ஆறு கிலோவாவது முன்பக்கம்தான் சுமக்கும், அப்படி வைத்திருக்கிறேன். கூரையைப் பொருத்தும் முன் கராஜில் எடை பார்த்துக் குறித்திருந்தேன்: முன்பக்கம் 19, பின்பக்கம் 19.

மூன்று நாள் வெளியே நிறுத்தினேன். இங்கே மழைக்கா பஞ்சம். நாலாம் நாள் கறை உள்ளங்கை அளவிலிருந்து தாம்பாள அளவுக்கு விரிந்திருந்தது. யாரும் படுக்கவில்லை, ஹீட்டர் போடவில்லை.

கணக்குப்பிள்ளை

நன்று. இப்போது முன்பக்கத்தை மறுபடி எடை போடுங்கள். கூரைக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்துவிட்டு முன் ஸ்ட்ரட்டுகளைக் கழற்றுங்கள். முட்டில்லாமல் கழற்றவே கூடாது, விரல் போய்விடும். பிறகு வீட்டில் ஆள் நிற்கும் எடை மெஷினைப் படுக்கைப் பலகைமேல் வைத்து, அதன்மேல் ஒரு 2×4 கட்டையை நிறுத்தி, முன்விளிம்பின் நடுவில் தாங்க வைத்துப் பக்க முட்டுகளை எடுங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் எண்ணைப் பார்க்க வேண்டும். கட்டையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

என் கணக்குப்படி 25 கிலோ வர வேண்டும். அதாவது பழைய 19, பேனல் 6.

மழையூர்க்காரன்

33.5 கிலோ. மூன்று தடவை பார்த்தேன். (மெஷினை கிலோவுக்கு மாற்றித்தான் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாகியும் எனக்குப் பவுண்டு பிடிபடவில்லை.)

கணக்குப்பிள்ளை

அப்படியானால் எட்டரை கிலோவுக்குக் கணக்கில்லை. உங்கள் அரிசிப் பை சோதனைப்படி ஆகஸ்டில் முன் ஸ்ட்ரட் இரண்டும் சேர்ந்து தாங்கியது சுமார் 23.5 கிலோ (கூரை 19, அரிசி 10 பவுண்டு, அதாவது நாலரை கிலோ). குளிர் கழித்தால் 22-க்குச் சற்றுக் கீழே. பேனலோடு மட்டும் என்றால் மூன்று கிலோ போல நீங்கள் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருக்கும், அது ஒன்றும் பெரிதில்லை. இப்போது பன்னிரண்டு கிலோ முட்டித் தூக்குகிறீர்கள்.

அந்த எட்டரைக்கு எனக்கு ஒரே ஒரு பதில்தான் தெரிகிறது. தண்ணீர். கறையும் இதுவும் ஒரே நோய்.

வல்வைப் படகு

கணக்குப்பிள்ளை சொன்னது சரி. நான் டொராண்டோவில் இருக்கிறன். வல்வெட்டித்துறையில் பெரியப்பாவின் ஃபைபர் போட் திருத்துகிற கொட்டிலில் வளர்ந்தவன், அதால சொல்லுறன். நீர் கட்டினது கேம்பர் இல்லை தம்பி, தலைகீழாகக் கவிழ்த்த ஒரு படகு. படகில் வருகிற வருத்தம்தான் உமக்கும் வந்திருக்கிறது.

மூன்று கேள்வி. பேனலை எப்படிப் பூட்டினீர்? ஓட்டைக்கு என்ன போட்டு அடைத்தீர்? வீட்டில் வாகனத்தை நிறுத்தும்போது மூக்கு எந்தப் பக்கம் சரிந்திருக்கும்?

மழையூர்க்காரன்

அண்ணா, நாலு அலுமினியக் கால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருகு. மொத்தம் எட்டு ஓட்டை. திருகி முடித்துவிட்டுத் தலையைச் சுற்றி சிலிக்கான் பூசினேன். குளியலறைக்கு வாங்கியது மிச்சம் இருந்தது.

எங்கள் வீட்டு டிரைவ்வே தெருவிலிருந்து கராஜை நோக்கி இறங்கும். நான் முன்னால் விட்டுத்தான் நிறுத்துவேன். அதனால் மூக்கு எப்போதும் கீழே.

இதை டைப் பண்ணும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

வல்வைப் படகு

ஓம், அதுதான். மழைத்தண்ணீர் முழுக்க முன்னுக்கு ஓடிவந்து பேனல் காலைச் சுற்றித் தேங்கி நிற்கும். வெயிலிலும் குளிரிலும் அலுமினியம் ஒரு அளவுக்கு அசையும், பெயின்ட் இன்னொரு அளவுக்கு அசையும். மேலே பூசின சிலிக்கான் ஓரத்தில் மயிரிழை விட்டால் போதும். திருகு பிளைவுட்டைத் துளைத்துப் போயிருக்கிறது, தண்ணீர் அதன் புரி வழியாக உள்ளே இறங்கும். ஃபோம் தண்ணீர் குடிக்காது. மரம் குடிக்கும். ஃபோமுக்கும் பலகைக்கும் இடையில் இருக்கிற சந்தில் மிச்சம் தேங்கும். வெளியே வர வழியில்லை.

முதலில் தட்டிப் பாரும். பேனலைக் கழற்றிப்போட்டு, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் கூரை முழுக்க அங்குலம் அங்குலமாகத் தட்டும். சந்தையில் பானை வாங்குகிற மாதிரிக் காதைக் கொடுத்துக் கேளும். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கணீரென்று சொல்லும். ஊறின இடம் ‘பொத் பொத்’ என்று சொல்லும். அந்த எல்லையை மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் பண்ணும். நினைத்ததைவிடப் பெரிதாக இருக்கும், பயப்படாதேயும்.

பிறகு அடிப்பக்கப் பலகையில், அடையாளத்துக்குள், ஒரு சாணுக்கு ஒன்றாக 6 மி.மீ. துளை போடும். மேல்பக்கம் துளைக்க வேண்டாம். கீழே பாத்திரம் வையும். வடிந்தபின் கராஜில் விட்டு, ஃபேனும் டீஹியூமிடிஃபையரும் ஓடவிட்டு வடிவாகக் காய விடும். கிழமைக்கணக்கில் ஆகும். ஈரம் பார்க்கிற ஊசி மீட்டர் ஒன்று வாங்கும். மரம் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை எதையும் மூடக் கூடாது. ஈரத்தை உள்ளே வைத்து எபாக்ஸி (இரண்டு திரவம் கலந்தால் கல் மாதிரி இறுகுகிற பிசின்) ஊற்றினால் உளுத்துப்போகிறதைப் பூட்டிவைத்த மாதிரி. கத்தி முனையால் குத்தினால் வெண்ணெய் மாதிரி இறங்குகிற மரம் காய்ந்தாலும் உதவாது, வெட்டி எறிந்துவிட்டுப் புதுத்துண்டு வையும்.

திருகு ஓட்டைக்கு படகுக்காரர் முறை இதுதான். 6 மி.மீ. திருகு போகிற இடத்தில் 12 மி.மீ.க்குப் பெரிய ஓட்டை போட்டு, அதை எபாக்ஸியால் நிரப்பி, இறுகினபின் நடுவில் திருகுக்கான ஓட்டை போடும். இனித் தண்ணீர் உள்ளே வந்தாலும் எபாக்ஸியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. காலுக்கும் கூரைக்கும் இடையில் ப்யூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டுகிற மெத்தென்ற ரப்பர் நாடா) வைத்துத் திருகும். ஒரே நாளில் இறுக்க வேண்டாம். இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம், பிதுங்கி வருகிறதை வெட்டி எடும்.

பழைய சிலிக்கானைச் சுரண்டி முழுக்க எடுக்க வேணும். அது கிடந்த இடத்தில் பெயின்ட்டும் ஒட்டாது, எபாக்ஸியும் ஒட்டாது, புது சிலிக்கான்கூட ஒழுங்காக ஒட்டாது. உமக்கு அதுதான் அதிக வேலை தரப்போகிறது.

டாலஸ் வெயில்

நான் முதலில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். இப்போது யோசித்தால் எனக்கே நடந்திருக்கிறது. கூரை கனமாக இருக்கிறது என்று வலுவான ஸ்ட்ரட் போட்டேன். ஜூலையில் இங்கே 40 டிகிரி. அந்தச் சூட்டில் ஸ்ட்ரட்டின் வலு இன்னும் ஏறிவிட்டது. நானும் தம்பியும் தொங்கித்தான் கூரையை இறக்கினோம். ஒரு மாதத்தில் முன் கொக்கி பிளைவுட்டோடு பிய்ந்து வந்தது. உங்கள் கூரை காய்ந்து எட்டு கிலோ குறைந்தபின் பெரிய ஸ்ட்ரட் இருந்தால் உங்களுக்கும் இதே கதைதான்.

பேனல் பற்றி ஒன்று. டிசம்பரில் சியாட்டிலில் பகலே எட்டரை மணி நேரம், அதிலும் மேகம், அதிலும் மரத்தடி. கூரையில் கிடந்து அது என்ன சம்பாதிக்கப் போகிறது? நான் என்னுடையதைக் கழற்றி 5 மீட்டர் வயர் போட்டுத் தரையில் சாய்த்து வைக்கிறேன். வண்டி நிழலில், பேனல் வெயிலில்.

மழையூர்க்காரன் (டிசம்பர் கடைசி)

தட்டிப் பார்த்தேன். முன்பாதியில் பாதிக்கு மேல் ‘பொத் பொத்’. முதல் துளை போட்டதும் கஷாய நிறத்தில் தண்ணீர் என் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடி வந்தது. வாடையும் அதேதான், ஊறிய சுக்கு மாதிரி. முதல் நாள் மட்டும் சாம்பார் பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர் சேர்ந்தது (மனைவிக்குச் சொல்லவில்லை, புதுப் பாத்திரம் வாங்கி வைத்துவிட்டேன்). முன் இடது மூலையில் ஓரச்சட்டம் ஒரு அடி நீளத்துக்குக் கத்தி இறங்குகிறது. மீட்டரில் அந்த இடம் 30-ஐத் தாண்டுகிறது, மற்ற இடம் 22 முதல் 26.

பனிமலைப் பயணி

மேலே துணி ஒட்டிய மரப்பசை எப்படி இருக்கிறது? தேங்கிய தண்ணீரில் சில மரப்பசை இளகும்.

மழையூர்க்காரன்

பேனல் காலைச் சுற்றி நாலு இடத்தில் கொப்பளம். அந்தத் துணியை உரித்துவிட்டேன். அங்கே மட்டும் கண்ணாடியிழைத் துணியும் எபாக்ஸியும் போடப் போகிறேன்.

வல்வைப் படகு

நல்லது. எபாக்ஸி போடுகிற அன்று கராஜைச் சூடாக்கி வையும். 10 பாகைக்குக் கீழே என்றால் நாட்கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும்.

மழையூர்க்காரன் (பிப்ரவரி)

இழையை முடித்துவைக்கிறேன். காய ஐந்து வாரம் ஆனது. மூலைச் சட்டத்தில் ஒன்றரை அடி வெட்டிப் புது பைன் வைத்தேன். எட்டு ஓட்டையும் எபாக்ஸியால் அடைத்தாயிற்று. பேனல் கூரைக்குத் திரும்பவில்லை, இப்போது படுக்கைக்கு அடியில் இருக்கிறது. வண்டியை ரிவர்ஸில் விட்டு மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்துகிறேன். முன்பக்கம் எடை 20.2 கிலோ, எபாக்ஸியும் புது மரமும் சேர்த்து. ஸ்ட்ரட் பழையதேதான். நேற்று 4 டிகிரியில் ஒரு கையால் தூக்கினேன், நின்றது. அரிசிப் பையை வைத்தேன், மெதுவாக இறங்கியது. பையை எடுத்ததும் மறுபடி ஏறிவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. கித்தான் சுவரின் மடிப்பில் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. பருத்திக் கித்தான். பிளீச் போடலாமா?

பனிமலைப் பயணி

பிளீச் வேண்டாம், கித்தானும் தையல் நூலும் இற்றுப்போகும். முதலில் வெயிலில் காயவைத்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். அப்புறம் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து தடவி, அரை மணி கழித்துக் கழுவுங்கள். பூஞ்சை சாகும், புள்ளி முழுக்கப் போகாது. கழுவிய இடத்துக்கு மறுபடி வாட்டர்ப்ரூஃப் தெளிப்பு அடிக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் மட்டும் மழையில் கசியும்.